பந்துத் திடலின் ஆறாம் படி

நிக்ஹா, வோ மாதம் 6

அண்ணன் குசாமுக்குத் தங்கை இஷ் சுனூன் எழுதுவது. உன் கண்ணும் கையும் நலமாக இருக்கட்டும். கல் செதுக்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? நான் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம். இன்று அப்படி எழுத வரவில்லை.

சாக்தூன்காரர்கள் எங்கள்மேல் படையெடுத்து வந்தார்கள். நீ இருப்பதே அவர்கள் ஊரில்தானே, இதற்குள் தெரிந்திருக்கும். விடியும்போது வந்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டார்கள். நம் தலைவர் தம் வீட்டு வாசலிலேயே விழுந்தார். அதன்பின் ஆட்களை நடத்தியவர் என் வீட்டுக்காரர் என்பதால் அவரை மட்டும் கொல்லாமல் பிடித்தார்கள். முடியைப் பற்றி இழுத்துக்கொண்டு போனதைச் சோளக் குதிருக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் ஓடிவந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் அவர்கள் நல்ல சிற்பி ஒருவன் வேண்டுமென்று கேட்டு உன்னை அழைத்துப்போனபோது, என்னை விட்டுப் போகிறாயே என்று உன்னோடு சண்டை போட்டேன். இப்போது நீ அங்கே இருப்பது ஒன்றுதான் எனக்குத் தெம்பு. அஹினும் நீயும் ஒரே சட்டியில் கை நனைத்து வளர்ந்தவர்கள். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்ததே நீ. போய்ப் பார். பார்த்ததை எழுது.

உப்பு வியாபாரி ஓச் இதைக் கொண்டுவருவார். பதிலையும் அவரிடமே கொடு.

உன் தங்கை


சாக்தூன், சிப் மாதம் 14

அன்புத் தங்கைக்கு, குசாம் எழுதுவது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? துக்கத்தில் பட்டினி கிடக்காதே.

அழாதே. அஹின் உயிரோடு இருக்கிறான். பார்த்தேன். திடலுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட வீட்டில் வைத்திருக்கிறார்கள். காலையும் மாலையும் சோளக் கஞ்சி கொடுக்கிறார்கள். காயம் ஆறிவருகிறது. உன்னை விசாரித்தான்.

அவனைப் பந்தாட வைக்கப் போகிறார்களாம். நாள் கணிப்பவர்கள் இன்னும் தேதி குறிக்கவில்லை. ஆட்டம் என்றால் ஆட்டம்தான். பந்து யார் பக்கம் விழும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? தைரியமாக இரு.

எனக்குத் தலைக்குமேல் வேலை. திடலுக்குப் புதிதாகப் படிக்கட்டு கட்டுகிறார்கள், ஆறு படி. இந்த ஊரை ஆளும் கோமகன் அடிக்கடி பட்டறைக்கே வந்துவிடுகிறார். வீடு மாறியிருக்கிறேன், மூன்று அறை. அடுத்த கடிதம் தாமதமானால் கவலைப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குசாம்


நிக்ஹா, செக் மாதம் 2

அன்பு அண்ணா, உன் கடிதத்தைக் கிழிகிற அளவுக்குப் படித்துவிட்டேன். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? புது வீட்டில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்.

ஆட்டம் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகுதான் சாப்பிட்டேன். அவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் ஊர்த் திடலில் எத்தனை பேர் இடுப்பெலும்பை நொறுக்கியிருக்கிறார்! தலைப் பருமன் ரப்பர்ப் பந்து அம்மிக் கல் மாதிரி வரும். மற்றவர்கள் ஒதுங்குவார்கள். அவர் அதன் கீழே சறுக்கிப் போய் இடுப்பில் வாங்கி, சுவருக்கு மேலே அனுப்புவார். ஆற்றங்கரையில் சோளம் கழுவும்போது பெண்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். "உன் புருசன் அங்க ஜெயிச்சு, அந்த ஊரு ராசா மகளயும் கூட்டிக்கிட்டு வரப்போறான், பாயை அகலமா முடைஞ்சு வை" என்கிறார்கள். வரட்டும், அவளை மாவரைக்க வைத்துக்கொள்கிறேன் என்றேன். எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தேன் தெரியுமா?

ஜெயித்தால் விட்டுவிடுவார்கள்தானே அண்ணா? அதை நீ எழுதவில்லை.

இன்னொன்று. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்து உறுதி சொல்லிவிட்டாள். அவர் திரும்பி வந்ததும் என் வாயால் சொல்ல நினைத்திருந்தேன். இப்போது அவருக்கு அது ஒரு பலமாக இருக்கும் என்று தோன்றுகிறது. நீயே போய்ச் சொல்லிவிடு.

அவருடைய மான்தோல் முழங்கால் கட்டை அனுப்பியிருக்கிறேன். அது இல்லாமல் ஆடினால் வலது முட்டி வீங்கிவிடும். கையில் கொடு.

சுனூன்


சாக்தூன், ஷூல் மாதம் 5

அன்புத் தங்கைக்கு, இரண்டு உயிராக இருக்கிறாய், அதற்கேற்றபடி நட. காரம் குறைத்துக்கொள். நான் நலம்.

அஹினிடம் சொன்னேன். கேட்டதும் சிரித்தான், வெகுநேரம் சிரித்துக்கொண்டே இருந்தான். பெண்ணாக இருந்தால் மயுய் என்று பெயர் வைக்கச் சொன்னான். முழங்கால் கட்டு சேர்ந்தது.

உன்னிடம் ஒரு விவரம் வேண்டும். கைதிகள் நிறைய இருக்கிறார்கள். கோமகனிடம் இவனுக்காகப் பேசுவதென்றால் ஆள் அடையாளம் சரியாகச் சொல்ல வேண்டும். அவன் முகத்தில் எந்தப் பக்கப் புருவத்தில் வெட்டு இருக்கிறது? மூக்கு உடைந்தது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? காது மடல் எவ்வளவு தொங்கும்? முடியை ஆட்டத்துக்கு எப்படி முடிவான்? விரிவாக எழுது. சீக்கிரம் எழுது.

குசாம்


நிக்ஹா, யாஷ்கின் மாதம் 1

அன்பு அண்ணா, உன் நலம் நாடி எழுதுகிறேன். எனக்கு வாந்தி நின்றுவிட்டது. பூசணி விதையைக் கண்டால் மட்டும் கை நிற்பதில்லை.

மயுய். நல்ல பெயர். படுக்கும்போது தினமும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

கோமகனிடம் பேசுகிறாய் என்று படித்ததும் உன் திசை நோக்கிக் கும்பிட்டேன். அடையாளம் கேட்டாய். நீ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய், என்னைக் கேட்கிறாயே என்று முதலில் தோன்றியது. ஆண்களுக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படப்போகிறது!

வெட்டு இடது புருவத்தில், வால் முனையில். அங்கே முடி முளைப்பதில்லை. மூக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன மேடு தெரியும். காது மடல் தாடை வரைக்கும் வரும், இடது மடல் ஒரு விரல் அதிகம். ஆட்டத்துக்கு முடியை உச்சியில் சேர்த்து, மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை முன்னால் விழவிடுவார். கீழுதட்டுக்கு அடியில் ஒரு மச்சம், சோளப் பொட்டு அளவு. வலி வந்தால் வாயைத் திறக்க மாட்டார், கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வார். அப்போது மச்சம் மறைந்துவிடும். அதை வைத்துத்தான் அவருக்கு வலிக்கிறது என்று நான் கண்டுபிடிப்பேன்.

இது போதுமா? இன்னும் வேண்டுமானால் கேள்.

சுனூன்


நிக்ஹா, யாஷ் மாதம் 10

அண்ணா, எழுபது நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையா? ஓச் அண்ணன் இரண்டு முறை வெறும் கையோடு வந்தார். நீ பட்டறையில் இல்லை என்றே சொல்லி அனுப்பினார்களாம்.

கோமகன் என்ன சொன்னார்? என்ன சொல்லியிருந்தாலும் எழுது. எனக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது, மனதும் கல்லாகிவிட்டது, எதையும் தாங்குவேன். எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சுனூன்


சாக்தூன், சாக் மாதம் 15

அன்புத் தங்கைக்கு, தாமதத்துக்கு மன்னித்துவிடு. கல் தூசி கண்ணில் இறங்கி, காய்ச்சலும் வந்து, எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை. நீ சுகந்தானே?

தேதி குறித்துவிட்டார்கள். பாஷ் மாதம் 5 அன்று ஆட்டம். படிக்கட்டுத் திறப்பும் அன்றைக்கே. கோமகனிடம் பேச இன்னும் நேரம் வாய்க்கவில்லை. நீ இந்த நிலையில் இங்கே வரக் கூடாது. வழி மோசம். வராதே.

பிரசவத்துக்குப் போர்த்திக்கொள்ள நல்ல பருத்தித் துணி அனுப்பியிருக்கிறேன். இது கோமகன் வீட்டு நெசவு.

குசாம்


நிக்ஹா, மாக் மாதம் 3

அண்ணா, நீ நலமாகத்தான் இருப்பாய். துணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஓச் அண்ணன் இந்த முறை உன் பட்டறைக்குப் பின்வழியாகப் போயிருக்கிறார். நீ பக்கத்தில் வண்ணம் அரைத்துக்கொண்டிருந்தாயாம். அவர் வந்தது உனக்குத் தெரியாது. நீ செதுக்கும் படிக்கல்லைப் பார்த்திருக்கிறார். உப்புக் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "நம்ம அஹின்தாம்மா. கை காலை முதுகுப் பக்கமா மடிச்சுக் கட்டி, ஒரு பெரிய பந்துக்குள்ள வச்சுருக்கு. படியில தலைகீழா உருண்டு வாரான். கீழ ராசா பந்தடிக்கிற மாதிரி மண்டி போட்டு நிக்கிறாரு. புருவ வெட்டுகூட அப்படியே இருக்கும்மா."

மச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறான் என்றார்.

அவருடைய முழங்கால் கட்டு உன் பட்டறைச் சுவரில் தொங்குகிறதாம். பார்த்துச் செதுக்க வசதியாக.

ஆட்டத்துக்கு இன்னும் மூன்று மாதம், அறுபது நாளுக்கு மேல் இருக்கிறது. அதற்குள் யார் தோற்றார்கள் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? முன்கூட்டி யாருக்குத் தெரியும் என்று எழுதினாயே, அதை எழுதும்போது உளியைக் கீழே வைத்துவிட்டு எழுதினாயா, கையில் வைத்துக்கொண்டா?

சுனூன்


சாக்தூன், மாக் மாதம் 19

தங்கைக்கு, உன் கோபம் நியாயம். முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

கோமகனின் ஆள் வந்து, ஆறாம் படியைச் செதுக்க வேண்டியது நீ என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். மற்ற ஐந்தும் அவர் பாட்டன், முப்பாட்டன் காலத்து வெற்றிகள். ஆறாவதுதான் அவருடையது. அப்படி ஒரு கல்லுக்கு நூறு நாள் வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு தொடங்கினால் திறப்பு நாளுக்குப் படி இருக்காது. இதுதான் கணக்கு. இதில் என் விருப்பம் எங்கே வருகிறது?

நான் மாட்டேன் என்றிருந்தால் வேறொருவன் செய்திருப்பான். அவனுக்கு அஹின் யார்? மூக்கும் முழியும் இல்லாத ஏதோ ஒரு கைதியைச் செதுக்கிவிட்டுப் போயிருப்பான். என் கல்லில் அவன் அவனாக இருக்கிறான். பெயரும் வெட்டியிருக்கிறேன், பட்டத்தோடு. நாம் எல்லாரும் போன பிறகும் அந்த முகம் இருக்கும். அதை உனக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய்.

கல்லின் ஓரத்தில் என் பெயரையும் போட்டுக்கொள்ள அனுமதித்திருக்கிறார்கள். வெளியூர்ச் சிற்பிக்கு இந்த ஊரில் இதுவரை அது கிடைத்ததில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

காவல் இப்போது கடுமை. முன்போல் அஹினை அடிக்கடி பார்க்க முடிவதில்லை. ஆனாலும் முயல்கிறேன். நீ மாதம் நிறைந்தவள், மனதைப் போட்டு அலட்டாதே.

குசாம்


சாக்தூன், பாஷ் மாதம் 9

அன்புத் தங்கைக்கு, நீ பதில் எழுதுவாய் என்று எதிர்பார்த்திருந்தேன். உனக்குப் பெண் பிறந்திருப்பதைச் சந்தையில் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். நீயும் மயுயும் சுகமா? பால் இருக்கிறதா?

ஆட்டம் முடிந்துவிட்டது. மேளக்காரர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அஹின் மெலிந்திருந்தான். அவன் பக்கம் ஆட விட்ட மற்ற இருவருக்கு நிற்கவே தெம்பில்லை. முழங்காலில் கிழிசல் துணி ஒன்றைச் சுற்றியிருந்தான். ஆனால் பந்து வந்தபோது அந்த இடுப்பு பழைய இடுப்புதான். ஒரே ஆளாக மூன்று பேர் வேலையைச் செய்தான். மூன்று முறை எதிர்ப்பக்கத்துச் சுவருக்கு அப்பால் அனுப்பினான். எனக்குப் பக்கத்தில் விதை விற்கும் ஒருத்தி, "இவனை வச்சு நம்ம பயலுவளுக்கு ஆடக் கத்துக்குடுக்கலாம்ல, வீணாக்குறாங்களே" என்றாள். அப்போது நம் பக்கம்தான் முன்னால் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அந்தக் கல்லை மறந்துவிட்டேன்.

கோமகன் கையைத் தூக்கினார். மேளம் நின்றது. எண்ணிக்கை சொல்கிறவர் எழுந்து, எண்ணிக்கையை மாற்றிச் சொன்னார். அஹின் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான், தவறாகக் கூட்டிய பையனைப் பார்ப்பது போல. பிறகு கயிறு கொண்டுவந்தார்கள். மற்றதை நான் கல்லில் செதுக்கியிருக்கிறேன். எழுத வேண்டாம்.

அவன் கடைசிவரைக்கும் உன்னையும் குழந்தையையும் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும்.

கோமகன் எனக்கு விடுமுறை தருவார். மழைக்கு முன் வந்து ஒருமுறை உன்னைப் பார்த்துவிடுகிறேன். மயுயைத் தூக்க வேண்டும். வா என்று ஒரு வார்த்தை எழுது. இதை ஓச்சின் கூடையில் வைத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

குசாம்


நிக்ஹா, கயாப் மாதம் 12

சாக்தூன் கல்வேலைக்காரர் குசாம் அவர்களுக்கு, அஹினின் மனைவி எழுதுவது.

ஓச் அண்ணன் ஆட்டத்துக்கு முன் அங்கே பதினைந்து நாள் தங்கினார். போய்ச் சேர்ந்த அன்றைக்கே என் வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டார். காவலுக்கு ஒரு கிழவன் மட்டும் இருந்தானாம். "ஒரு கை உப்புக் குடுத்தேன், போய்யான்னு விட்டுட்டான். தெனமும் போனேம்மா" என்றார்.

பெண் பிறந்திருக்கிறாள் என்று ஓச் சொன்னபோது, அவர் ஓச்சின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சொல்லச் சொன்னாராம். நான் உண்டாகியிருந்ததே அவருக்குத் தெரியாது. மயுய் என்று பெயர் வைத்திருக்கிறது என்றதும், "மயுயா, யாரு வச்ச பேரு?" என்று கேட்டாராம். நீங்கதானே குசாம்கிட்டச் சொல்லி அனுப்பினீங்க என்றாராம் ஓச். "குசாமை நான் பாக்கவே இல்லையே" என்றாராம் அவர். ஒருமுறைகூட இல்லை. நீங்கள் எழுதிய சோளக் கஞ்சி, ஆறிய காயம், வெகுநேரச் சிரிப்பு எல்லாவற்றையும் உங்கள் மூன்று அறை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அந்த வீட்டில் சுகமாக இருப்பதை ஓச் அவரிடம் சொல்லவில்லை. வாய் வரவில்லை என்றார்.

அவர் யோசித்து வேறொரு பெயர் சொல்லி அனுப்பினார். மகளை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன். அந்தப் பெயர் உங்களுக்கு வேண்டாம்.

நீங்கள் மேளத்துக்குப் பின்னால் நின்றதால் ஒன்றைக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஓச் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்றதால் கேட்டிருக்கிறார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவரை ஆறாம் படிக்கு அழைத்துப்போய், மூடியிருந்த துணியை எடுத்து, பார் என்று நிறுத்தினார்களாம். அவருக்குப் படிக்கத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். தன் பெயரைப் படித்தார். நாளைப் படித்தார். அன்றைய நாள்தான். ஓரத்தில் உங்கள் பெயரையும் படித்தார். பிறகு ஓச்சிடம் சொன்னது இது:

"குசாம் செத்துட்டான் போல. அடிச்சுச் செதுக்க வச்சிருக்கானுங்க, முடிஞ்சதும் கொன்னுருக்கானுங்க. உசுரோட இருந்தா ஒரு தடவையாவது வந்திருப்பான். பாவம் சுனூன், ரெண்டு பேரையும் ஒண்ணாத் தொலைக்கிறா."

அதன்பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடப் போனார். நீங்கள் பார்த்த ஆட்டம் அதுதான்.

அவர் நம்பிப் போனதை நான் பொய்யாக்கப் போவதில்லை. செத்தவர்களைப் புதைக்கிற மாதிரி வீட்டுத் தரையைத் தோண்டி, உங்கள் கடிதங்களை ஒரு சட்டியில் வைத்து, சோளமாவு உருண்டையும் வைத்து மூடிவிட்டேன். மூன்று நாள் உப்பில்லாமல் சாப்பிட்டேன். அண்ணன் எப்படி இறந்தார் என்று பக்கத்து வீட்டார் கேட்டார்கள். அஹின் சொன்னதையே சொன்னேன். எல்லாரும் அழுதார்கள். இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்றார்கள். நான் மறுக்கவில்லை.

வர வேண்டாம். வந்தால் யாரென்று இங்கே கேட்பார்கள்.

நிக்ஹா அஹினின் மனைவி